பஞ்சு அடைத்த டிவி

“எட்டாவது படிச்சா எல்லாந் தெரிஞ்சுடுமா கண்ணு?” என்று மாமா என்னைக் கேட்டார்.

கேட்டது எங்கள் வீட்டு டிவி விஷயமாக. மாமா அம்மாவின் தம்பி. பனியன் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசர். சுவரில் மாட்டுகிற தட்டை டிவியை அப்போதுதான் வாங்கியிருந்தார். ஆகவே டிவியைப் பற்றிப் பேசுகிற உரிமை எங்கள் சொந்தத்திலேயே தனக்குத்தான் என்ற நினைப்பு அவருக்கு இருந்தது. எனக்கும் ஒரு நினைப்பு இருந்தது. எங்கள் வீட்டில் எட்டாவதுவரை போனவள் நான் ஒருத்திதான். அப்பா மூன்றாவதோடு தறிக்குப் போனவர். அம்மா பள்ளிக்கூடத்தை வெளியே நின்று பார்த்ததோடு சரி. கரண்ட் அட்டையிலிருந்து மாத்திரை அட்டைவரை நான்தான் படித்துச் சொல்வேன். அந்த வீட்டில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று மனதார நம்பியிருந்த காலம் அது.

திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். வரிசையாக எட்டு வீடுகள், நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று. முன்னறையில் அம்மா வேலை செய்வாள். தைத்து முடித்த பனியன்களில் நூல்முனைகள் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிசிறு என்போம். கம்பெனி வண்டிக்காரர் பண்டல் பண்டலாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். அம்மா விரலளவு கத்திரியால் பிசிறு வெட்டி, மடித்து, கட்டிக் கொடுப்பாள்.

குளிர் நாடுகளுக்குப் போகிற ஃப்ளீஸ் துணி வரும் மாதங்களில் முன்னறை முழுக்கப் பஞ்சு பறக்கும். உட்புறத்தைப் பூனை முடிபோலச் சுரண்டிவிட்ட துணி அது. ஒருமுறை உதறினால் போதும், ஜன்னல் வெயிலில் மிதந்துகொண்டே இருக்கும். அம்மா தலையில் ஒரு வேஸ்ட் துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வாள். முடியில் பஞ்சோடு கடைக்குப் போனால் நன்றாக இருக்காதில்லையா. அதே கவலை டிவிக்காகவும் அவளுக்கு இருந்தது. மிச்சத் துணியில் அதற்கு ஓர் உறை தைத்து, பனியன் கழுத்துக்கு வைப்பதுபோல ஓரத்தில் ரிப் பட்டிகூட வைத்திருந்தாள். டிவியை அணைத்ததும் உறையை மாட்டிவிடுவாள். போடும்போது கழற்றுவாள். போடுவதோ அவள் வேலை செய்யும் நேரத்தில்தான். அதாவது, பஞ்சு பறக்காத நேரமெல்லாம் எங்கள் டிவி பத்திரமாக மூடி இருந்தது.

அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்த பதினாலு இன்ச் கலர் டிவி அது. அதை என் பெற்றோர் பார்த்த விதத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

அப்பா சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் வளர்ந்தவர். தறிக்குடோனின் இரைச்சலில் சின்ன வயதிலேயே அவர் காது பாதி போய்விட்டது. தறி ஓட்டியது போதும் என்று திருப்பூர் வந்து ஒரு கம்பெனியில் அயர்ன் வேலைக்குச் சேர்ந்தபோது, பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும் என்கிற நிலை. அவருக்கு டிவியில் படம் தெரியும், பேச்சு கேட்காது. அம்மாவுக்குக் காது பாம்புக் காது. ஆனால் கண்ணைப் பனியனை விட்டு எடுக்க முடியாது. எடுத்தால் கத்திரி நூலுக்குப் பதில் துணியைக் கடித்துவிடும். துணியில் ஓட்டை விழுந்தால் அந்தப் பீஸ் அவள் தலையில் விடியும். ஆகவே ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வரும் சீரியலை இரண்டு பேரும் பங்கு போட்டுப் பார்த்தார்கள்.

“மாமியாகாரி வளையலைக் கேக்கறாளுங்க!” என்று அம்மா குனிந்தபடியே சத்தமாகச் சொல்வாள்.

“இவ கழட்ட மாட்டேங்கறா. கையைப் பின்னால வெச்சுக்கிட்டா” என்பார் அப்பா.

“அழுகறாளாங்க?”

“இன்னும் இல்ல. அதுக்குத்தான் ரெடியாகறா.”

எனக்கு அது பெரிய தொல்லை. இவர்கள் போடும் சத்தத்தில் வீட்டுப்பாடம் எழுத முடியாது. இரண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு டிவி பார்த்தால் என்ன என்று தினமும் நினைப்பேன்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒருநாள் படம் ‘டப்’பென்று நசுங்கி, திரையின் நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடாக நின்றுவிட்டது. சத்தம் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. அப்பா எழுந்து பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார். கோடு ஒருமுறை துள்ளிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

“நல்லாத்தானே பேசிக்கிட்டிருக்காங்க?” என்றாள் அம்மா, நிமிராமல்.

“பேசறாங்களோ என்னமோ. கோடுதான் தெரியுது புள்ள.”

அடுத்த சில நாட்கள் அப்பா அந்தக் கோட்டின் முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா தன் பங்கை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பழக்கத்தில், “என்னங்க பண்றா?” என்றும் கேட்டுவிடுவாள். “கோடுதான்” என்பார் அப்பா. பிறகு அவர் பொழுதோட, இருட்டுகிற நேரத்துக்கு, பேக்கரிப் பக்கம் போய் நிற்க ஆரம்பித்தார். அம்மா சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு பிசிறு வெட்டினாள். ஒருநாள் சுவாரசியத்தில் “என்னங்க பண்றா இப்ப?” என்று கேட்டுவிட்டு, பதில் வராமல் நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது. “அப்பா இல்லம்மா” என்று நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன். “அட, ஆமா” என்று மறுபடி குனிந்துகொண்டாள்.

போனஸ் பேச்சு ஊரெல்லாம் அடிபடும் நேரம். மாமா வந்தார்.

“மச்சான், இந்த டப்பாவ ரிப்பேரு பண்றதெல்லாம் வேலைக்காவாதுங்க. எக்ஸ்சேஞ்சுல தள்ளிட்டுப் புதுசு ஒண்ணு எடுத்துப் போடுங்க. நம்மூட்டுல மாட்டியிருக்கறேனில்ல, அந்த மாதிரி.” அப்பாவின் காதருகில் குனிந்து இதை இரண்டுமுறை சொன்னார். ஆகவே லைன் வீடு முழுக்க அவர் வீட்டில் தட்டை டிவி இருப்பது தெரிந்துபோயிற்று.

அப்பாவுக்கும் அந்த எண்ணம்தான். “படம் நெம்பப் பெருசா இருக்குமில்ல புள்ள. உனக்கு நிமிந்து ஒரு பார்வை பாத்தாலே போதும், கதை புரிஞ்சுரும்” என்றார் அம்மாவிடம்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “உன்ர டிவில சத்தம் முதுகுப் பக்கமா வருதுடா. யாரோ ஊட்டுக்குப் பொறகால நின்னு பேசறாப்பல இருக்குது” என்று தம்பியிடம் சொன்னாள். பிறகு அப்பா பக்கம் திரும்பிச் சத்தமாக, “இந்தப் பொட்டின்னா சத்தத்த எட்டுல வெச்சா உங்களுக்கே சித்த காதுல விழுகுதுங்க. அதைப் போயித் தள்ளோணுமா?” என்றாள்.

அப்பா பெரிய படம் வேண்டும் என்கிறார், அம்மா பழைய சத்தம் வேண்டும் என்கிறாள், இரண்டு பேருமே பிடிவாதக்காரர்கள் என்று எனக்குப் பட்டது. யாருக்காக யார் கேட்கிறார்கள் என்று கவனிக்கவில்லை. எனக்குத் தட்டை டிவிதான் வேண்டும். வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள் வீட்டில் அது வந்துவிட்டிருந்தது.

மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுவோம், அப்புறம் முடிவு செய்யலாம் என்று ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். தெற்குச் சீமைக்காரர், விருதுநகர்ப் பக்கம். டிவியைக் கவிழ்த்து, பின்மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, மூடியைத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

“யாத்தாடி! என்னக்கா, உள்ளுக்க தலையணைல்ல வச்சுத் தச்சிருக்கீக!”

நாங்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டு எட்டிப் பார்த்தோம். உள்ளே பெட்டியே தெரியவில்லை. ஒயர்கள், பலகை, கண்ணாடிக் குழாயின் கழுத்து எல்லாவற்றின்மேலும் பஞ்சு படிந்து கம்பளிபோல இறுகியிருந்தது. அவர் ஓரத்தில் விரலைவிட்டு உரித்தார். ஒரு துண்டாகவே வந்தது. அதன் விளிம்பில் அடுக்கடுக்காக நிறங்கள் தெரிந்தன: மேலே சாம்பல், அதன் கீழே நேவி ப்ளூ, பிறகு செங்கல் சிவப்பு, இன்னும் கீழே வெளுத்த ரோஸ்.

அம்மா கத்திரியைக் கீழே வைத்துவிட்டு அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். வேலை நேரத்தில் அவள் கத்திரியைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

“இந்தச் சாம்பல் போன சீசனு. இந்தச் செவப்பு, இவளுக்கு அம்மை போட்டிருந்தப்ப வந்துச்சே, அந்தப் பண்டலு. வேப்பந்தழைய ஒரு கையில புடிச்சுக்கிட்டே வெட்டுனேன். இந்த ரோஸு கொழந்தைக ஜட்டி. பாதி திரும்பி வந்துச்சுங்களே, நாபகம் இருக்குதுங்களா?” என்று விரல்வைத்துச் சொன்னாள்.

“என்னது அது?” என்றார் அப்பா.

“நான் வெட்டுன பிசிறுங்க! எல்லாம் இதுக்குள்ள போய் உக்காந்திருக்குது!”

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா அப்படி ஒன்றை மளமளவென்று படித்துச் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும்.

“மூச்சு முட்டிப் போச்சுக்கா இதுக்கு. மனுசனா இருந்தா இந்நேரம் இழுத்துக்கிட்டுல்ல கெடப்பான்!” என்றார் மெக்கானிக்.

எல்லோரும் சிரித்தோம். மாமா சிரித்தார், எங்கள் சிரிப்பைப் பார்த்து அப்பா சிரித்தார். அம்மாதான் அதிகம் சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினாள். நான் ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அதிகம் சிரித்தால் புரையேறும், அவ்வளவுதான்.

மெக்கானிக் தன் தீர்ப்பைச் சொன்னார். சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளே ஒரு பாகம் வெந்துபோயிருக்கிறது. மாற்றினால் படம் வந்துவிடும். “ஆனா ஒண்ணு. இந்த ரூம்ல வச்சீகன்னா ஆறு மாசத்துல மறுபடியும் என்னையத்தேன் கூப்புடுவீக. யோசிச்சுச் சொல்லுங்க, செவ்வாக்கெழமை இந்தப் பக்கம் வாரேன்” என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“அப்பறமென்ன? புதுசுதான்” என்றார் மாமா.

அந்த நேரத்தில் எனக்குள் அறிவியல் புத்தகம் விழித்துக்கொண்டது. சோதனை செய், உற்றுநோக்கு, முடிவு செய் என்று படம் போட்டுப் பாடம் இருந்தது. தட்டை டிவி ஆசை போன இடம் தெரியவில்லை. அதைவிடப் பெரிய ஆசை வந்துவிட்டது. இந்த விவகாரத்தை நானே தீர்க்கவேண்டும்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்குப் போகுமுன் இரண்டு எவர்சில்வர் தட்டுகளில் தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவினேன். ஒன்றை முன்னறையில் அம்மா உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். இன்னொன்றை உள்ளறையில் பீரோ ஓரமாக ஸ்டூலின்மேல் வைத்தேன். “ஒருத்தரும் தொடப்படாது, நகத்தப்படாது” என்று அம்மாவுக்குக் கட்டளை போட்டேன்.

“சரிங்க டீச்சர்” என்றாள் அம்மா.

சாயங்காலம் வந்து பார்த்தேன். முன்னறைத் தட்டில் முகம் தெரியவில்லை. சாம்பலும் நீலமுமாகப் பஞ்சு அப்பிக்கிடந்தது. உள்ளறைத் தட்டு பளபளவென்று இருந்தது. தேடினால் நாலைந்து இழைகள். பகல் முழுக்க அம்மா தட்டைத் தொடாமல், காப்பி டம்ளரைக்கூட அக்கட்டால தள்ளி வைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை செய்திருந்தாள்.

பொழுதோட மாமா வந்தபோது இரண்டு தட்டுகளையும் ஏந்திக்கொண்டு விளக்கம் சொன்னேன். டிவியை ரிப்பேர் செய்து உள்ளறைக்கு மாற்றிவிட்டால் போதும். பஞ்சு அங்கே வராது. கதவைத் திறந்து வைத்தால் அம்மாவுக்குச் சத்தம் கேட்கும். அப்பா அங்கே போய்ப் படம் பார்த்துக்கொள்வார். புது டிவி தேவையில்லை. அப்போதுதான் மாமா, எட்டாவது படித்தால் எல்லாம் தெரிந்துவிடுமா என்று கேட்டார்.

“தட்டைப் பாருங்க மாமா” என்றேன்.

பார்த்தார். விரலால் பஞ்சைச் சுரண்டியும் பார்த்தார். அப்பா இரண்டு தட்டுகளையும் வாங்கி, அயர்ன் போட்ட பனியனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் தலையில் கைவைத்தார். அம்மாவின் முகத்தில் இருந்ததை என்னால் எழுதிக் காட்ட முடியாது. “எம் புள்ள படிச்சிருக்குதுங்க. பாடத்துலயே இருக்குதாமா” என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை டிவி பிழைத்தது. உள்ளறைக்கும் போயிற்று.

அன்று ராத்திரியே அம்மா முன்னறையிலிருந்து, “வக்கீலு வந்திருக்கறாருங்க! என்னங்க பண்றா அவ?” என்று கத்தினாள்.

“ஆ?” என்றார் அப்பா உள்ளேயிருந்து.

“அவ என்ன பண்றான்னேன்!”

“ஆ?”

“அழுகறாங்க்கா!” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டு அக்கா பதில் சொன்னாள். லைன் முழுக்கச் சிரித்தது. மறுநாளும் அதே கதை, அதே சிரிப்பு. பிறகு அம்மா கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். கொஞ்ச நாளில் அப்பா படத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வந்து சாப்பிட்டார். அம்மா சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சோறு போட்டாள். வீடு நிசப்தமாயிற்று. நான் நிம்மதியாகப் படித்தேன். எல்லாவற்றிலும் நல்ல மார்க்.

மெக்கானிக் மறுபடி வரவேண்டியிருக்கவில்லை. நான் கல்லூரி முடிக்கும்வரை அந்த டிவி ஓடியது. மகள் எட்டாவதிலேயே டிவியைக் காப்பாற்றியதை அம்மா பிசிறு பண்டல் போடுகிறவரிடம்கூடச் சொல்லுவாள். கல்லூரியில் சேர்ந்த அன்றும் சொன்னாள். வேலை கிடைத்த அன்றும் சொன்னாள்.

இப்போது ஓர் ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தொழிலாளர்களுக்கு வேண்டிய பாதுகாப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று கவனிக்கும் பிரிவு. கட்டிங் டேபிளில் நிற்பவர் மாஸ்க் போட்டிருக்கிறாரா, காற்றை வெளியேற்றும் ஃபேன் ஓடுகிறதா என்று தினமும் சுற்றிப் பார்த்து எழுதவேண்டும். எழுதுவதில் எனக்குக் கர்வம் உண்டு. என் கையெழுத்து இல்லாமல் அந்தத் தாள் மேலே போகாது.

இந்தத் திங்கட்கிழமை ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுவிட்டது. எலக்ட்ரீஷியன் ஏணியில் ஏறிக் கம்பிவலையைக் கழற்றி, அதில் இறுகியிருந்த பஞ்சை ஒரு துண்டாக உரித்து என் கையில் கொடுத்தார். விளிம்பில் அடுக்கடுக்காக நிறங்கள். “இவ்ளோவும் வெளிய வந்துருச்சுங்க மேடம். இல்லாட்டி உள்ள இருக்கறவங்க நெஞ்சுலதான் போயிருக்கும்” என்றார், சாதாரணமாக.

நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஞ்சு இருக்கும் இடத்திலிருந்து எதை வெளியே எடுக்கவேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க எட்டாவது படிக்கும்போது நான் ஒரு பகல் முழுக்கச் சோதனை நடத்தியிருக்கிறேன். தட்டை உற்றுநோக்கினேன். தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை நோக்கவில்லை. டிவியைப் பத்திரமாக உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, அம்மாவை அங்கேயே விட்டுவிட்டேன். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அம்மா எல்லோரையும்விட அதிகமாக.

அம்மா இன்னும் வீட்டில் பிசிறு வெட்டுகிறாள். நாங்கள் மாஸ்க் கணக்கெடுக்கும் தாளில் வீட்டில் வேலை செய்பவர்களுக்கென்று ஒரு கட்டம்கூடக் கிடையாது. விடியற்காலையில் அவள் இருமுவாள். கேட்டால் பனி என்பாள், வெயில் காலத்தில் சாம்பிராணிப் புகை என்பாள்.

ஃபேன் நின்ற அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், நெஞ்சு டாக்டரிடம் போகலாம் என்று ஆரம்பித்தேன். மடமடவென்று விளக்கினேன். அம்மா நிமிரவே இல்லை.

“எனக்கென்ன வந்துச்சு? கழட்டிப் பாக்கறதுக்கு நான் என்ன டிவிப் பொட்டியா?” என்றாள்.

நான் ஒரு கத்திரியை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சிறுவயதிலிருந்து இந்தப் படிப்புக்காரியைப் பிசிறு வெட்ட யாரும் விட்டதில்லை. கறுப்பு ஃப்ளீஸ். அரைமணி நேரத்தில் மூக்கு அரித்தது, தொண்டை கரகரத்தது, ஒரு பீஸில் துணியையும் வெட்டிவிட்டேன். அம்மா அதைப் பிடுங்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு இருமல் வந்தது. நான் இருமி முடிக்கும்வரை அவள் கத்திரியை நிறுத்திவைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“நீ எந்திரி சாமி. உனக்கெதுக்கு இந்தப் பஞ்செல்லாம்” என்றாள்.

“உனக்கு மட்டும் எதுக்கும்மா?”

அவள் இரண்டு பீஸ் வெட்டி முடித்தாள். மூன்றாவதைக் கையில் எடுத்துவிட்டு, வெட்டாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“இந்தப் பண்டல முடிச்சுக் குடுத்தர்றேன். அப்பறம் போலாம்” என்றாள்.

பண்டல் வியாழக்கிழமை முடிகிறது. அடுத்ததை இறக்க வேண்டாம் என்று வண்டிக்காரரிடம் அம்மாவே சொல்லிவிட்டாள். இன்று காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்று, வெள்ளிக்கிழமைக்கு டோக்கன் வாங்கிவிட்டேன்.